சராசரி ஆளுக்கு மூன்று லிட்டர்

ஊட்டிக்குப் பக்கத்தில், மலைமேல் இருக்கும் எங்கள் இத்தலாரில் விடிகாலையில் ஒருவரை எழுப்பிப் பச்சைத் தண்ணீரைக் குடிக்கச் சொல்வதும், அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். குடத்துத் தண்ணீர் பட்டால் பல் கூசும், தொண்டையில் இறங்கினால் முதுகுத்தண்டு வரை சிலிர்க்கும். எங்கள் ஊரில் தாகத்துக்கென்று யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. டீ குடிப்போம். குடித்து முடித்ததும் அடுத்த டீ எப்போது என்று யோசிப்போம். மாத்திரை விழுங்க வேண்டியிருந்தால் அரை டம்ளர் வெந்நீர், அதோடு சரி. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் வீட்டுக்காரரைத் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்தே தீருவேன் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

நாங்கள் பூர்வீகத்தில் கோயமுத்தூர்ப் பக்கம். பிழைப்புக்காக மலையேறி, குளிர் பழகி, இங்கேயே தங்கிவிட்டோம். அவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தோட்டத்தில் பிடுங்கி, மிஷினில் கழுவி, மூட்டை கட்டி வைத்திருக்கும் கேரட்டை ஏற்றிக்கொண்டு இருட்டு பிரியும் நேரத்தில் கிளம்புவார். ஊட்டி, குன்னூர் வழியாக மலை இறங்கி, மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்ப ஏறி வருவார். காலையில் ஸ்வெட்டர், குல்லா. பத்து மணிக்கெல்லாம் பனியன் நனையும் வெயில். பொழுது சாயும்போது மறுபடி ஸ்வெட்டர். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைக்கிறேன். எனக்கு வாய் அதிகம், அவருக்குப் பொறுமை அதிகம். வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் காலி வண்டியோடு மலையேறி வந்துகொண்டிருந்தார். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் வண்டியைத் திருப்பும்போது இடுப்புக்குப் பக்கத்தில் சுரீரென்று வலி பிடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். எப்படியோ ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கீழே இறங்கி டயருக்குப் பின்னால் கல்லையும் வைத்துவிட்டு, அங்கேயே ரோட்டோரத்தில் சுருண்டு படுத்துவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர்கள் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தகவல் வந்தபோது நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

சிறுநீரகத்தில் கல் என்றார்கள். வலி அடங்கியதும் கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, சின்னக் கல்தான், தண்ணீர் குடித்தால் தானாக இறங்கிவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். எழுந்து கிளம்பும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னார்.

"மறுபடியும் இந்த மாதிரி வலி வந்துச்சுன்னா, மலையில வண்டி ஓட்டறதை விட்டுட வேண்டியதுதான். பாரத்தோட இறங்கும்போது வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

அதை நான் ஏற்கெனவே யோசித்துவிட்டேன். இரண்டு ராத்திரி தூங்காமல் அதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். அவரோ வேறு ஒன்றை நினைத்து இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டாமல் அவருக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிரியமில்லை. அந்த வளைவுகளில் வண்டியைத் திருப்புவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆக, மூன்று மாதம். அதற்குள் அந்தக் கல் இறங்க வேண்டும், புதிதாக இன்னொன்று சேரக் கூடாது.

அதற்கு முன்னால், டாக்டர் சீட்டு எழுதும்போது, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"டிரைவருங்க" என்றார் இவர்.

"உக்காந்து பார்க்கிற வேலை. சரி" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். நாங்களும் தலையாட்டினோம். டிரைவர் உட்கார்ந்துகொண்டுதானே ஓட்டுகிறார்!

அடுத்த அறையில் ஒரு பெண் ஒரு வழவழப்பான அட்டையைக் கொடுத்தாள். மேலே ஒரு மனிதனின் உருவம், நடுவில் நான்காகப் பிரித்த ஒரு தட்டு, கீழே ஒரு டம்ளர். சராசரி வயது வந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. எனக்குச் சாமி படம் கிடைத்த மாதிரி இருந்தது. ஊருக்கு வந்ததும் சோற்றுப் பசை தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் குடியேறினார். அவர்தான் சராசரி ஆள். காலையில் இட்லி வைக்கும்போது, "சராசரி ஆளுக்கு இவ்வளவுதான் போட்டிருக்குதுங்க" என்பேன். ராத்திரி சோறு போடும்போது, "ஒரு கப்புக்கு மேல அவரு சாப்பிடறதில்லீங்க" என்பேன். தட்டில் கால்வாசி பச்சைக் காய்கறி என்று படம் போட்டிருந்ததால், கேரட்டைத் துருவி வைத்தேன். அவர் துருவலை விரலால் ஒதுக்கினார்.

"ஏம்புள்ள, பொழுதனைக்கும் இதைத்தான் தூக்கிச் சுமக்கறேன். ராத்திரியும் இதையேதான் மெல்லோணுமா?"

"அட்டையில அப்படித்தானுங்க இருக்குது."

"அந்தாளு எந்த ஊருன்னு அட்டையில போட்டிருக்குதா? மூட்டை தூக்குவானா அவன்? நம்மூர்க் குளிர்ல ஒரு ராத்திரி படுத்திருக்கானா?"

"அவரு யாராயிருந்தா உங்களுக்கு என்னங்க? நல்லபடியாத்தானே இருக்காரு, படத்துல."

"அப்ப அவனையே கட்டிக்கிட்டிருக்கலாம்ல அம்மிணி. செலவு கம்மி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சோறு கூடப் போடவில்லை. விஷயம் அப்படி. அவர் வண்டியில் ஏறிப் போனதும் எனக்கு அந்த வளைவுதான் கண்ணில் நிற்கும். மலையில் வண்டி ஓட்டுகிற ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, பயத்தைக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஓர் அளவு கிடைத்தால் விடுவாளா? ஒரு கப், கால் தட்டு, மூன்று லிட்டர். இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் நம்பினேன்.

தண்ணீர்தான் பெரிய போராட்டம். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், சீரகம் போட்டுக் கொடுத்தேன், திட்டியும் கொடுத்தேன்.

"வயித்துக்குள்ள குளுகுளுன்னு சத்தம் கேக்குதும்மிணி. வண்டியில இருக்கற சரக்கை விட என் வயிறுதான் கனமா இருக்குது."

"டாக்டர் சொன்னாருங்களா இல்லீங்களா?"

"சொன்னாரு. கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டுச் சொன்னாரு. இங்க வந்து வெடியால ஒரு சொம்பு குடிச்சுக் காட்டட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

ஆனால் சொல்கிறேன், மனுஷன் குடித்தார். வாய் பேசுமே தவிர, பயம் அவருக்கும் இருந்தது. வீட்டில் ஒரு பெரிய சொம்பு நிறைய. மீதிக்கு ஒரு பெரிய பாட்டிலை நிரப்பி வண்டியில் வைப்பேன். சாயங்காலம் பாட்டில் காலியாகத் திரும்பி வரும். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பேன். ஒரு சொட்டு விழாது. அப்பாடா என்று இருக்கும்.

இரண்டு மாதம் ஆவதற்குள் அவர் இளைத்துவிட்டார். சட்டை தோளில் தொங்கியது. அது மட்டுமில்லை, சும்மாவே எரிந்து விழ ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கத்துவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷன், ரசத்தில் உப்பு இல்லை என்று டம்ளரை டக்கென்று வைத்தார். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தால் சால்னா வாசம். மேட்டுப்பாளையத்தில் புரோட்டா அடித்திருக்கிறார்! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பசிச்சுதும்மிணி" என்றார்.

சராசரி ஆளுக்குப் பசிப்பதாக அட்டையில் எங்கேயும் இல்லை.

அந்த வாரத்திலேயே இன்னொன்றும் வந்தது. ஒருநாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்புள்ள, மறுபடியும் ஒண்ணுக்குப் போறப்ப எரியுது. மஞ்சளா வேற போகுது" என்றார். அந்த வலி வருவதற்கு முன்னாலும் இதேபோல்தான் இருந்தது என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். மூன்று லிட்டர் குடிக்கிற ஆளுக்கு எப்படி எரியும்? எப்படி மஞ்சளாகப் போகும்? ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. குடிக்கவில்லை. பாட்டிலை எங்கேயோ ரோட்டில் கவிழ்த்துவிட்டு வருகிறார்.

"சத்தியமாக் குடிக்கறேன்" என்றார்.

"பாக்கறேனுங்க" என்றேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. நானும் வண்டியில் ஏறிவிட்டேன். ஏறும்போது ஒரு வீரமும் பேசினேன். "நீங்க குடிக்கற அளவு நானும் குடிக்கறேனுங்க. நியாயம்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்." அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குசும்பு பிடித்த மனுஷன், அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டில் ஆளுக்கொரு சொம்பு. வண்டியில் ஆளுக்கொரு பாட்டில். ஊட்டி தாண்டுவதற்குள் அவர் பாதியை முடித்துவிட்டார். வெளியே பனி, கண்ணாடி முழுக்க ஆவி, பல் கிடுகிடுக்க நானும் குடித்தேன். குன்னூர் வருவதற்குள் மீதியையும் கவிழ்த்துவிட்டார். நிஜமாகவே குடிக்கிறார். என் கண்ணால் பார்த்தேன்.

"எதுக்குங்க இத்தனை அவசரம்?"

"குன்னூருக்குள்ள ஒட்டுக்கா முடிச்சரோணும். அப்பத்தான் போற வழியில எல்லாத்தையும் எறக்கிட்டு, மண்டிக்கு நிம்மதியாப் போலாம். மண்டியில கூட்டம், எறக்கற வேலை, அங்க போயி எவன் எடம் தேடறது? எனக்கு எந்த வளைவுல வண்டி நிறுத்தலாம்னு எல்லாம் கணக்கு இருக்குது."

அவருக்குக் கணக்கு இருக்கிறது. எனக்கு? குன்னூரில் பஸ் ஸ்டாண்டில் போய்வந்தேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். காட்டேரி என்ற ஊரைத் தாண்டி இறங்கி, பர்லியாருக்குக் கிட்டே வந்ததும் முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சுற்றுலா பஸ் ஒன்று வளைவில் மல்லாக்கப் படுக்காத குறையாக நின்றுவிட்டது. அந்தப் பக்கமும் நகரவில்லை, இந்தப் பக்கமும் நகரவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். குரங்குகள் சுவர் மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஆம்பளைகள் ஒவ்வொருவராக இறங்கி ஓரமாகப் போய்விட்டு, காற்று வாங்க வந்த மாதிரி திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரரும் போய்விட்டு வந்தார். நான் சீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மூன்று லிட்டர் என்று எழுதினவன் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி. எழுதினவன் நிச்சயமாக ஆம்பளைதான். இல்லாவிட்டால், தண்ணீர் எவ்வளவு என்று போட்ட அட்டையில், போவதற்கு இடம் எங்கே என்றும் ஒரு வரி போட்டிருப்பான்.

"இப்பத் தெரியுதா அம்மிணி, ரெண்டு மாசமா நான் பட்ட பாடு?"

"வாயை மூடுங்க. சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா அவ்வளவுதான்."

கடைசியில் இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. வண்டி வரிசை ஓரமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பர்லியாரில் ரோட்டோரம் இருந்த ஒரு பழக்கடை வரைக்கும் ஓடினேன். கடையில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஓடு தங்கச்சி, பின்னுக்குக் கதவு இருக்கு. கதையெல்லாம் பொறகு."

திரும்பி வந்து கடையில் உட்கார்ந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. நடந்ததைச் சொன்னேன். அக்கா பலாச்சுளையை எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இந்தக் குளிருக்குள்ள இம்புட்டுத் தண்ணியா? ஏன், கோயிலுக்கு ஏதும் நேர்ந்துக்கிட்டீங்களா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு, அப்போதுதான் வந்து நின்ற எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது வெயில் தகதகத்தது. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தேன். மண்டிக்குள் காற்றே இல்லை. தகரக் கூரை, மூட்டை, தூசி, சத்தம். அவர் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, லோடுமேன்களோடு சேர்ந்து மூட்டை இறக்க ஆரம்பித்தார். தினமும் இப்படித்தானாம். ஆள் பற்றாக்குறை, தானும் தோள் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று அவரே ஆரம்பித்த பழக்கம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை. தலையிலிருந்து வியர்வை கொட்டுகிறது. முதுகில் கோடு கோடாக வழிந்து லுங்கியில் இறங்குகிறது. மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், நின்ற இடத்தில் தரையில் ஈரம்.

நான் ஒரு மூட்டையும் தூக்கவில்லை. ஓரமாக நிழலில் நின்றிருந்தேன். அப்படியும் கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் அவ்வளவு குடித்து, அவ்வளவு அவதிப்பட்ட நான்தான்! மண்டித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பானை இருந்தது. லோடுமேன்கள் வருவதும் மொண்டு குடிப்பதுமாக இருந்தார்கள். நானும் போய் மொண்டு குடித்தேன். இன்னொரு டம்ளர், அப்புறம் இன்னொன்று. யாரும் குடி என்று சொல்லவில்லை, யாரும் அளக்கவில்லை. தேவாமிர்தமாக இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லாரும் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பானைப் பக்கமே வரவில்லை.

"ஏனுங்க, நீங்க குடிக்கலீங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எதுக்கு? இன்னைக்கு மூணு லிட்டரும் காலையிலயே முடிஞ்சுதே. நீயுந்தான பாத்த? இனி நாளைக்குத்தான்."

நான் பானையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை மாதிரி நிற்கிறார், முகத்தில் ஒரு பெருமையோடு. குளிரில் மூச்சு முட்டக் குடித்ததெல்லாம் பர்லியார் வருவதற்குள் வெளியேறிவிட்டது. இங்கே உடம்பு பிழிந்து எடுக்கப்படுகிறது, உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. திரும்ப மலையேறி வீட்டுக்கு வரும்வரை இதே கதைதான். தாகம் எடுக்கவில்லையா என்று கேட்டேன். எடுக்கும், ஆனால் கணக்குக்கு மேல் குடித்தால் சிறுநீரகத்துக்கு ஆகாதோ என்று அடக்கிக்கொள்வாராம். அட கெரகமே!

"ஏனுங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்று மண்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று தினமும் ஓதினது நான். எந்த இடத்தில், எப்போது என்று நானும் சொல்லவில்லை, அட்டையும் சொல்லவில்லை. அந்தச் சராசரி ஆள் ஒரே ஊரில் இருப்பவர். காலையில் ஓர் ஊரிலும் மத்தியானம் வேறு ஊரிலும் இருந்தால் என்ன செய்வார் என்று அவரிடம் கேட்க முடியுமா?

இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயமா இது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இவ்வளவு அரிசி என்று அளந்துதான் வாங்குகிறேன். அந்த அளவை எந்தப் பிள்ளையாவது சாப்பிட்டிருக்கிறதா? ஒரு பிள்ளை இரண்டாம் தடவை தட்டை நீட்டும், ஒன்று பாதியை வைத்துவிட்டு ஓடும், மழை நாளில் எல்லாமே கூடக் கேட்கும், விளையாட்டுப் போட்டி வந்தால் அண்டாவைச் சுரண்ட வேண்டியிருக்கும். யாருக்கு எவ்வளவு என்று முகத்தைப் பார்த்துத்தான் கரண்டியைச் சாய்ப்பேன். ஊரார் பிள்ளைகளுக்கு முகம் பார்த்துப் போடுகிறவள், வீட்டில் அட்டையைப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

அவர் கையில் டம்ளரைத் திணித்தேன். முதல் டம்ளரை என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார், அதிகாரி முன்னால் நிற்பவர் மாதிரி. இரண்டாவதை யாரையும் பார்க்காமல் குடித்தார். அதற்கப்புறம் தானே மொண்டுகொண்டார். குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார் பாருங்கள், எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பிறகு மெஸ்ஸுக்குப் போனோம். இலையில் இரண்டாம் தடவை சோறு வந்தபோது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"வாங்கிக்கோங்க" என்றேன்.

"அந்தாளு கோவிச்சுக்க மாட்டானா?"

"அவரு மூட்டை தூக்கட்டும், அப்பறம் வந்து கோவிச்சுக்கட்டும்."

அடுத்த வாரமே டாக்டரிடம் போனோம். எரிச்சல் என்றால் காட்டாமல் இருக்க முடியுமா? அவர் சோதித்துப் பார்த்து மருந்து எழுதினார். நான் மலையிலிருந்து மண்டிவரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பழக்கடை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதை என் வீட்டுக்காரர் சேர்த்துச் சொல்லிவிட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மூட்டை தூக்குவீங்களா? அன்னைக்குச் சொல்லவே இல்லையே."

"டிரைவர்னு சொன்னனுங்களே" என்றார் இவர், ஆச்சரியமாக.

டாக்டர் சிரித்துவிட்டார். மூன்று லிட்டர் என்பது வருகிற எல்லாருக்கும் சொல்வது, மூட்டை தூக்கி வியர்க்கிற ஆளுக்கு அது போதாமலும் போகலாம் என்றார். மொத்தமாகக் குடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள், எங்கே வியர்க்கிறதோ அங்கே கூடக் குடியுங்கள், சிறுநீர் தெளிவாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டம்ளரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். "குளிர்ல குடிக்க முடியலைன்னா ரசம், கஞ்சி, வெந்நீர், எல்லாம் தண்ணிதான். உப்பை மட்டும் குறைங்க." தாகத்தை மட்டும் நம்பாமல், தாகம் வருவதற்கு முன்பே குடியுங்கள் என்று இவருக்குத் தனியாகச் சொன்னார். அட்டையைப் பற்றி நான் கேட்டேன். "அது ஆரம்பிக்கறதுக்கும்மா. அதுலயே நின்னுக்கறதுக்கு இல்ல" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பாட்டில் கனம் குறைந்தது. மலை மேலே இருக்கும்போது வாய்க்கு இதமாக வெந்நீர், டீ, ரசம். வண்டியில் இறங்கும்போது கொஞ்சம். மண்டியில் பானைக்குப் பக்கத்தில்தான் சட்டையையே மாட்டுகிறார். மத்தியானம் நான் அண்டா கழுவும் நேரத்துக்குப் போன் வரும். "குடிச்சாச்சு" என்பார். எவ்வளவு என்று கேட்க நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன். அட்டையை நான் கிழிக்கவில்லை. சோற்றுப் பசையாயிற்றே, ஒரு மூலையை எறும்பும் ஒரு மூலையைக் கரப்பானும் தின்றுவிட்டன. சராசரி ஆளுக்கு இப்போது ஒரு கால் இல்லை.

மூன்று மாதம் முடிந்து ஸ்கேனுக்குப் போன அன்று, கோயமுத்தூர் வரைக்கும் இருவருமே பேசவில்லை. நான் வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. அவர் ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டிக்கொண்டு வந்தார். அது என்ன நினைப்பு என்று எனக்குத் தெரியும். பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார். "இப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "மேலயா, கீழயாங்க?" என்றார்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்கேனை எங்கள் பக்கம் திருப்பினார். கல் இல்லை. புதிதாகவும் எதுவும் இல்லை. "வண்டியை ஓட்டுங்க. தண்ணியை விட்டுடாதீங்க, கல்லு திரும்ப வரக்கூடிய ஆளு நீங்க" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது கல்லாறில் வண்டியை ஓரங்கட்டி, பாட்டிலை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்குத் தாகமே இல்லை. வாங்கிக் குடித்தேன். பர்லியாரில் நான் ஒன்றும் சொல்லாமலே பழக்கடை முன்னால் பிரேக்கைப் போட்டார். "போயிட்டு வந்துரு அம்மிணி, அக்கா பாத்துட்டிருக்காங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் ஏறினோம்.

அதற்கு மேலே, அன்று அவர் சுருண்டு படுத்த அந்த வளைவு. அந்த இடம் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்வேன். பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். அன்றைக்கு மூடவில்லை. ரோட்டைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கியரை மாற்றி, ஹாரன் அடித்து, சுற்றிலும் சுவர் நகர, அவ்வளவு பெரிய வளைவைச் சட்டைப் பித்தானை மாட்டுவது போல முடித்துவிட்டார்.

"என்னத்தப் புள்ள அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க ஓட்டுங்க" என்றேன்.